அடுத்த வருஷத்துக்காரர்கள்

தர்ஷினிக்குச் சித்தம் கலங்கியிருக்கலாம் என்று அரசாங்கம் சந்தேகப்பட்ட நேரத்தில், அவள் முருகனின் கைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஆதிரா, முகம் ஆறு இருக்கு. கை பதினொண்ணுதான் இருக்கு."

"வேலுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்குக்கா" என்றான் ஓவியன் ஆதிரன், தலையைத் தூக்காமல்.

"காலண்டர் வாங்குறவரு வேலை நகத்திட்டுப் பாக்க மாட்டாரு. வெளிய எடுத்து வை."

சிவகாசி, பழைய லித்தோ தெரு, மாடியில் நீளமாக ஒரே ஓர் அறை. வாசலில் 'நாளொளி காலண்டர்ஸ்' என்று பலகை. 2071-ஆம் வருஷம், ஜூலை மாதம். உலகத்தில் காகிதம் எத்தனையோ இடங்களிலிருந்து ஒழிந்துவிட்டது. தினசரி காலண்டர் மட்டும் ஒழியவில்லை. காலையில் எழுந்ததும் நேற்றைய தினத்தைச் சரக்கென்று கிழித்துக் கசக்கி எறிகிற சுகத்தை எந்தத் திரையும் இதுவரை கொடுத்ததில்லை.

ஆனால் அந்தக் காலண்டரைச் செய்கிறவர்கள் நடப்பு வருஷத்தில் வசிப்பதில்லை. ஆடிப் பதினெட்டன்று அடுத்த வருஷத்து மாதிரிப் புத்தகம் வெளியாக வேண்டும். அதற்காக மாசியிலிருந்தே கண்ணும் கையும் அடுத்த வருஷத்திலேயே கிடக்கும். சுவரில் 2072, மேஜையில் 2072, குப்பைக்கூடையில்கூட 2072.

"யக்கா, உங்க பேருக்கு இணைப்பு வாரியத்துலேர்ந்து வந்திருக்கு" என்றாள் பொன்னுத்தாய். ஆர்டர் பிடிக்கிற பெண், வயது இருபத்தொன்பது. அவள் பிறந்த சமயத்தில் பழைய பெயர்கள் மறுபடி நாகரிகமாகியிருந்தன. எதிர் மேஜையில் பஞ்சாங்கம் கணிக்கிற அறுபத்தெட்டு வயதுக்காரரின் பெயர் பிரசன்னா. அறையில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சத்தமா வாசி" என்றாள் தர்ஷினி.

பொன்னுத்தாய் வாசித்தாள். "'தங்கள் குணச்சீட்டைப் புதிய இயந்திரம் மறு ஆய்வு செய்தது. தாங்கள் நாற்பத்தாறு வயதுப் பெண்மணி. ஆயினும் இதய அறுவைக்குப் பின் எத்தனை படி ஏறலாம் என்று வாரந்தோறும் விசாரிக்கிறீர்கள். தாடி நரைக்காமலிருக்கத் தைலம் தேடுகிறீர்கள். மலாய் மொழியில் சண்டை போடுகிறீர்கள். இது உள்ளப்பிளவாக இருக்கலாம். அல்லது இணைப்பைப் பிறருடன் பகிர்ந்துகொண்டிருக்கலாம். எது என்று அறிய, 28-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஆய்வு அதிகாரி வருவார்.'"



"தாடிக்குத் தைலம் தேடினது யாரு?" என்றாள் தர்ஷினி.

ஆதிரன் முருகனின் பன்னிரண்டாவது கையில் மும்முரமானான்.

"செவ்வாக்கிழமை மூணு மணியா?" என்றார் அண்ணாச்சி. "சுத்தமான ராகு காலம். வெளங்கும்."

ஓர் ஆளுக்கு ஓர் இணைப்பு என்பது அப்போதைய சட்டம். பதினெட்டு வயதில் விரல் ரேகை பதித்து வாங்குகிற இணைப்பு, சாகும்வரை கூட வரும். அதன் வழியே போகிற ஒவ்வொரு சொல்லையும் வைத்து வலை ஒரு குணச்சீட்டு எழுதும். வேலை கிடைப்பதும், ஆஸ்பத்திரியில் முறை வருவதும், கேட்ட கேள்விக்கு வலை முழுப் பதில் சொல்வதும் அந்தச் சீட்டைப் பொறுத்துத்தான்.

அந்த அறையில் ஒழுங்கான சீட்டு, பிழை திருத்துகிற தர்ஷினியுடையது மட்டும்தான். ஆதிரன் இருபது வயதில் தெருமுனைக் கண்காணிப்புக் கேமராவைக் கல்லால் அடித்தவன். அவன் சீட்டில் 'சேதம் விளைவிப்பவர்' என்று இருக்கிறது. அவன் இணைப்பிலிருந்து சாமி படம் அனுப்பினால்கூட வெடிபொருளைச் சோதிப்பதுபோல் மூன்று நாள் சோதிப்பார்கள். அண்ணாச்சியின் இதயத்தைப் பார்த்த வலை, அவருக்கு 'எஞ்சிய காலம் குறைவு' என்று எழுதிவிட்டது. அதை எழுதி ஆறு வருஷம் ஆகிறது. ஊருக்கெல்லாம் நல்ல நேரம் குறித்துக் கொடுக்கிறவருக்கு ஓர் இயந்திரம் கெடு வைத்துவிட, அதன்பின் யாரும் அவரோடு ஒரு வருஷ ஒப்பந்தம்கூடப் போடவில்லை.

பொன்னுத்தாயின் விஷயம் வேறு. அவள் சீட்டில் கறை எதுவுமில்லை. ஆனால் கணவனுக்கு மனைவியின் சீட்டைப் பார்க்கிற உரிமை உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால், கன்னத்தில் ஐந்து விரல் பதிந்த முகத்தோடு அவள் பஸ் ஏறினாள். அன்றைக்கு அணைத்த தன் இணைப்பை அவள் இன்றுவரை தொடவில்லை. தொட்டால் அடுத்த நிமிஷம் அவன் கையிலிருக்கும் திரையில் 'சிவகாசி, பழைய லித்தோ தெரு' என்று வந்துவிடும்.

ஆகவே நான்கு பேரும் தர்ஷினியின் ஒரே இணைப்பில் வேலை செய்தார்கள். அவள் மேஜைக்கு அடியில், செருப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது.

"இத்தன வருஷம் எப்படிக்கா தெரியாம இருந்துச்சு?" என்று கேட்டாள் பொன்னுத்தாய்.

"ஒரே கதவு நம்பர், உள்ள நாலு குடித்தனம்னு வச்சுக்க. தபால்காரருக்குக் கதவு நம்பர் மட்டுந்தான் தெரியும். எல்லாக் கடுதாசியும் அந்த நம்பருக்கு வரும். உள்ள ஒரு ஆளு உக்காந்து, இது உனக்கு, இது அண்ணாச்சிக்குன்னு பிரிச்சுக் குடுக்குது. அந்த ஆளுதான் இந்தப் பெட்டி."

"அப்ப வெளிய இருந்து பாத்தா?"

"ஒரே ஒரு ஆளு. நானு."

அந்த 'நானு'வுக்கு அவள் கொடுத்த விலை சில்லறை விஷயங்களில் இருந்தது. வீட்டுச் சுவர்த்திரையில் காலையில் இதயத்துடிப்புக் கருவி விளம்பரம் வரும். மத்தியானம் தாடித் தைலம். சாயங்காலம், 'பினாங்கில் வீடு பார்க்கிறீர்களா?' பல் வலிக்கு டாக்டரிடம் போனால், "அறுவை சிகிச்சைத் தையல் ஆறிருச்சாம்மா?" என்று விசாரிப்பார். அவளும் ஆறிவிட்டது என்பாள்.

"ஒத்துக்கிட்டா என்னாகும்?" என்றான் ஆதிரன்.

"இணைப்பைத் துண்டிப்பாங்க. அது பரவால்ல. துண்டிச்ச கையோட ஆறு வருஷத்துப் போக்குவரத்தைப் பிரிச்சு, யார்யாருது எதுன்னு அவங்கவங்க சீட்டுல ஏத்திருவாங்க. இடத்தோட."

யாரும் பொன்னுத்தாயைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க எல்லோரும் சிரமப்பட்டார்கள்.

"ஜனவரியில கூட்டு இணைப்புச் சட்டம் அமலுக்கு வருதே" என்றார் அண்ணாச்சி. "பத்து பேருக்குள்ள இருக்கிற ஆபீஸுக்கு ஒரு இணைப்பு போதும்னு. அன்னையிலேர்ந்து பழைய இணைப்பு எதையும் துண்டிக்கவும் கூடாது, பிரிச்சுப் பாக்கவும் கூடாது. தை பொறந்தா நாமெல்லாம் யோக்கியங்க."

"இப்ப ஆடி அண்ணாச்சி."

"அதான் பிரச்சின."

தர்ஷினி பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். "ஒரே வழிதான். நாலும் நானேன்னு சொல்லப்போறேன். பைத்தியமும் இல்ல, பகிரவும் இல்ல. பஞ்சாங்கமும் தெரியும், படமும் தெரியும், மலாயும் தெரியும். ஒரு பொம்பளைக்கு இவ்வளவு தெரியக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

"உங்களுக்குத் தெரியாதேக்கா" என்றான் ஆதிரன்.

"ஆறு நாள் இருக்குல்ல."

அந்த ஆறு நாளும் 'நாளொளி'யில் நடந்தது கூத்து. காலையில் அண்ணாச்சி.

"சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவுல பன்னெண்டு டிகிரி கூடுனா ஒரு திதி. இதுல என்ன கஷ்டம் ஒனக்கு?"

"கஷ்டமில்ல அண்ணாச்சி. நேத்துச் சொல்லும்போது சந்திரனை ஓட விட்டீங்க, இன்னைக்குச் சூரியனையும் சேத்து ஓட விடுறீங்க."

"ரெண்டும் ஓடத்தாம்மா செய்யும். அதுங்களுக்கு என்ன, இணைப்பா துண்டிச்சிருக்கு?"

மத்தியானம் ஆதிரன். அவள் வரைந்த மயிலைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "வான்கோழி நல்லா வந்திருக்குக்கா" என்றான். கடைசியில், படம் வரையத் தேவையில்லை, அச்சுத்தகடு எடுக்கிறவரிடம் நிறத்தைப் பற்றிக் குறை சொல்லத் தெரிந்தால் போதும் என்று முடிவாயிற்று. குறை சொல்வது அவளுக்கு உடனே வந்துவிட்டது.

சாயங்காலம் பொன்னுத்தாய். பினாங்கு மொத்த வியாபாரியிடம் பேசத் தேவையான மலாய் மொத்தமே ஐம்பது சொல் என்றாள். "அதுல முக்கியமானது 'தா போலே'. முடியாதுன்னு அர்த்தம். அவரு எது கேட்டாலும் முதல்ல இதச் சொல்லிரணும். அப்புறம் யோசிக்கலாம்."

"இதை எங்க வீட்டுக்காரர்கிட்ட இருபது வருஷமாத் தமிழ்லயே சொல்றேன்" என்றாள் தர்ஷினி. பொன்னுத்தாய் அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை சரியாக மூன்று மணிக்குப் படியில் காலடி கேட்டது. ஐம்பது வயதில் ஒல்லியாக ஒரு மனிதர் வந்தார். சுவர் முழுக்கச் சாமி படங்களைப் பார்த்ததும் திரும்பிப் போய்ச் செருப்பைப் படியில் விட்டு வந்தார்.

"லோகித். இணைப்பு வாரியம்" என்றார். "தர்ஷினி அம்மா யாரு?"

"நாந்தான் சார்."

"மத்தவங்கல்லாம்?"

"சும்மா இருக்காங்க சார். கட்டு ஒட்டுறது, கம்பி மாட்டுறது. கைவேலை."

ஆதிரன், கம்பி மாட்டுகிறவன்போல் முகத்தை வைத்துக்கொள்ள முயன்றான். அண்ணாச்சி ஒரு பசை டப்பாவை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கைவேலைக்காரங்க கீழ போய் டீ குடிங்க" என்றார் லோகித். "ஒரு மணி நேரம் அம்மாவோட வேலையை நான் பக்கத்துல இருந்து பாக்கணும்."

மூவரும் இறங்கினார்கள். பொன்னுத்தாய் கடைசியாக, திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

லோகித் உள்ளங்கை அளவுப் பலகை ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். இணைப்பில் போகிற ஒவ்வோர் எழுத்தும் அதில் தெரிந்தது. "ஆரம்பிங்க. தினமும் பண்றதைப் பண்ணுங்க. நான் இல்லைன்னு நெனச்சுக்குங்க."

தர்ஷினி ஆரம்பித்தாள். வானாய்வுக் கூடத்துக்கு எழுதி, சித்திரைப் பௌர்ணமியன்று சந்திரன் நிற்கிற இடத்தைக் கேட்டு வாங்கினாள். திதி முடிகிற நேரத்தைக் கணித்தாள். பத்து நிமிஷம், அண்ணாச்சி என்றால் இரண்டு. அடுத்து அச்சுத்தகட்டுக்காரருக்கு: 'மயில் கழுத்தில் பச்சை தூக்கலாக இருக்கிறது. மயிலா, கிளியா என்று பார்ப்பவர் குழம்புவார்.' ஆதிரன் எழுதியிருந்தால்கூட இவ்வளவு காரமாக இருந்திருக்காது. பினாங்கு வியாபாரி அழைத்தார். அவர் என்ன கேட்கிறார் என்று பாதிதான் புரிந்தது. "தா போலே" என்றாள். அவர் மறுபடி கேட்டார். "தா போலே, தா போலே" என்றாள். அவர் பெருமூச்சு விட்டு இறங்கி வந்தார்.

ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் தேதியைக் கையால் தட்ட வேண்டும். எழுதுவது ஆள்தான், இயந்திரமில்லை என்று காட்ட வலை வைத்திருந்த பழைய விதி அது. 28-7-2071 என்று ஒன்பது கடிதங்களில் தட்டினாள். ஓர் எண்கூடப் பிசகவில்லை.

லோகித் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லாப் பண்ணீங்க. பஞ்சாங்கம், படம், மலாய். மூணுமே நல்லாப் பண்ணீங்க."

"தினமும் பண்றதுதானே சார்."

"ஒண்ணே ஒண்ணுதான் குறை. நீங்க தப்புப் பண்ணல."

தர்ஷினிக்குப் புரியவில்லை.

"தட்டுறது, அழிக்கிறது, திருப்பித் தட்டுறது, மூணுமே எங்களுக்கு வரும்மா. ஆறு வருஷத்துல இந்த இணைப்புலேர்ந்து போன கடிதம் நாப்பத்தோராயிரம். எல்லாத்துலயும் தேதி ஒரே மாதிரிதான். முதல்ல அடுத்த வருஷத்தைப் போடுவீங்க. அப்புறம் கடைசி எண்ணை அழிச்சு, நடப்பு வருஷத்தைப் போடுவீங்க. நாட்டுல வேற எந்த இணைப்புலயும் இப்படி ஒரு பழக்கம் கிடையாது. இவ்வளவு வினோதமான பழக்கம் ஒரே ஆளுக்குத்தான் இருக்க முடியும்னு எங்க இயந்திரம் நெனச்சுது. இத்தன வருஷம் உங்களைக் காப்பாத்தினது அதுதான்."

தர்ஷினி சுவரைப் பார்த்தாள். எட்டுத் திசையிலும் 2072.

"இன்னைக்கு ஒன்பது கடிதம். ஒண்ணுலகூட அழிப்பே இல்ல. எடுத்ததும் 2071." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்பத்தான் எனக்கு விளங்கிச்சு. தப்புப் பண்றவங்க கீழ டீ குடிக்கிறாங்க. நீங்க திருத்துறவங்க."

உண்மைதான். அவர்கள் எழுதுகிற எல்லாம் அவள் திரையில் வந்து நிற்கும். அவள் வருஷத்தைத் திருத்திய பிறகுதான் வெளியே போகும். மூவரின் தொழிலையும் ஆறு நாளில் கற்றுக்கொண்டவளுக்கு, அவர்கள் தவறைக் கற்றுக்கொள்ளத் தோன்றவில்லை. பிழைதிருத்துகிறவள் கை அதற்கு வளைந்திருக்காது.

"இன்னொரு விஷயமும் பாத்தேன்" என்றார் லோகித். "இந்தச் சீட்டுல உங்களைத் தேடினேன். இதயம் ஒருத்தருது. தாடி ஒருத்தருது. பினாங்கு ஒருத்தருது. உங்களுது எதுவுமே இல்லையேம்மா. ஆறு வருஷத்துல உங்களுக்குன்னு நீங்க ஒண்ணைக்கூடக் கேக்கல. அந்த அழிப்பு மட்டுந்தான் நீங்க. ரெண்டை எடுத்துட்டு ஒண்ணு, ஒண்ணை எடுத்துட்டு சைபர். அதுமட்டுந்தான்."

"வேலை இருந்துச்சு சார்" என்றாள். பிறகு, அது போதாது என்று அவளுக்கே பட்டது. "எனக்குன்னு கேட்டா, வலை வேற யாருக்கோ பதில் சொல்லும். அதான் கேக்கல."

ஜன்னல் வழியே டீக்கடை தெரிந்தது. மூவரும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் மாடியையே பார்த்தபடி நின்றார்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை. தர்ஷினி எல்லாவற்றையும் சொன்னாள். கேமராவை, கெடுவை, ஐந்து விரலை.

"பச்சைச் சுடிதார் போட்டிருக்காங்களே, அவங்களா?"

"ஆமா சார்."

லோகித் ஜன்னலிலிருந்து திரும்பினார். "நான் எழுதித்தான் ஆகணும். பகிர்வு நடந்திருக்கு. நடக்கலன்னு எழுத என்னால முடியாது."

"எனக்கு உள்ளப்பிளவுன்னு எழுதிருங்க சார். தொண்ணூறு நாள் ஓய்வில்லத்துல வைப்பாங்கன்னு சொல்றாங்க. போய் இருந்துட்டு வர்றேன். திரும்பி வந்தா தீபாவளி முடிஞ்சிருக்கும். அப்புறம் ஜனவரிக்கு எத்தனை நாள்?"

"சித்தம் கலங்கினவங்க வருஷத்தை இவ்வளவு சரியா எழுத மாட்டாங்கம்மா" என்றார் அவர், வருத்தமாக.

மூவரையும் மேலே கூப்பிட்டார். அவர் கேட்காமலே அண்ணாச்சி பசை டப்பாவை நேராக வைத்தார். பொன்னுத்தாய் தர்ஷினியின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, சுவரோரம் போய் நின்றாள்.

"சார், இன்னும் நாலரை ஆகல" என்றார் அண்ணாச்சி. "எழுதுறதை ராகு காலம் முடிஞ்சு எழுதுங்க. உங்களுக்கும் நல்லது."

லோகித் எதிர்த்துப் பேசவில்லை. காராச்சேவும் டீயும் வந்தன. சாப்பிட்டார். ஆறுமுகப் படத்தை எடுத்துக் கைகளை எண்ணி, "பன்னெண்டும் இருக்கு" என்றார். ஆதிரனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

நாலரை தாண்டியதும் பையிலிருந்து காகிதக் கட்டு ஒன்றை எடுத்தார். ஒருமுறை இயந்திரம் ஒரே நாளில் ஓர் ஊரையே துண்டித்துவிட்டதாம். அதன்பிறகு, துண்டிப்பு ஆணையை மனிதன்தான் எழுத வேண்டும், காகிதத்தில், கையால் என்று கோர்ட் சொல்லிவிட்டது. சம்பந்தப்பட்டவர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு கையெழுத்தும் விழுந்துவிட்டால், அதில் ஓர் எழுத்தை மாற்ற அந்தக் கோர்ட்டாலும் முடியாது. இதையெல்லாம் பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டு அவர் எழுதத் தொடங்கினார். பேனா கிறீச்சிட்டது.

"ஆடிப் பதினெட்டு வரைக்கும் விடுறேன்" என்றார் நடுவில். "மாதிரிப் புத்தகம் வெளியாகட்டும். அன்னைக்குத் துண்டிப்பு. அதுக்கு மேல என்கிட்ட அதிகாரம் இல்ல." நிமிர்ந்தார். "ஆடிப் பதினெட்டு என்னைக்கு வருது?"

அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து, சுவரில் தொங்கிய காலண்டரிடம் போனார். ஆகஸ்ட் வரை தாள்களைப் புரட்டினார். பார்த்தார். வந்து உட்கார்ந்து எழுதினார். கையெழுத்துப் போட்டு, காகிதத்தைத் தர்ஷினி பக்கம் திருப்பி வைத்தார்.

"படிச்சுப் பாருங்க."

அவள் படித்தாள். தொழில் வழக்கப்படி, பேனா முனையை ஒவ்வொரு சொல்லின் கீழும் நகர்த்திக்கொண்டே படித்தாள். பகிர்வு நடந்திருக்கிறது. சரி. மூன்று பேர். சரி. 'ஆகவே மேற்படி இணைப்பு 2072-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 3-ஆம் தேதி, புதன்கிழமை, ஆடிப் பதினெட்டு அன்று துண்டிக்கப்படும்.'

பேனா நின்றது.

இந்த வருஷம் ஆகஸ்ட் மூன்று திங்கட்கிழமை. ஆறு வருஷம், நாற்பத்தோராயிரம் தடவை அவள் கை தானாகப் போய் அழித்த அடுத்த வருஷ எண் அது. இப்போதும் கை போகப் பார்த்தது. அவள் பேனாவைக் காகிதத்திலிருந்து தூக்கினாள்.

"பிழை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் லோகித். அவர் அவளைப் பார்க்கவில்லை. காராச்சேவில் கடைசித் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார். "பிழை பிடிக்கிறதுல உங்களை மிஞ்ச ஆள் கெடையாதுன்னு நாப்பத்தோராயிரம் தடவை பாத்திருக்கேன். இருந்தா இப்பவே சொல்லிரணும்."

சுவரோரம் பொன்னுத்தாய் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு சார்" என்றாள் தர்ஷினி. கையெழுத்துப் போட்டாள்.

லோகித் ஒரு பிரதியைக் கிழித்து மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் நின்று, "எங்க ஆபீஸுக்கு ஒரு காலண்டர் கிடைக்குமா?" என்று கேட்டார்.

"அடுத்த வருஷத்துதான் சார் இருக்கு."

"அதுதான் வேணும்" என்றார். சுருட்டிக் கொடுத்ததைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கிப் போனார்.

காலடி ஓய்ந்தது. பிறகு ஆதிரன் மெதுவாகச் சொன்னான். "ஆறு நாள் இருக்குக்கா. பொன்னுத்தாயை அதுக்குள்ள வேற ஊருக்கு அனுப்பிரலாம். கோவில்பட்டியில என் சினேகிதன்..."

தர்ஷினி காகிதத்தை அண்ணாச்சியிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். மறுபடி படித்தார். எழுந்துபோய்ச் சுவர்க் காலண்டரைப் பார்த்துவிட்டு வந்தார்.

"கிழமையும் சேத்து எழுதியிருக்காரு" என்றார். "வருஷம் மட்டும் இருந்தா கைத்தவறுன்னு சொல்லிரலாம். கிழமையும் ஒத்துப்போகுது. இதை எவனாலயும் தப்புன்னு சொல்ல முடியாது. 2072 ஆடி வரைக்கும் இந்த இணைப்பை யாரும் தொட முடியாது. அதுக்கு ஏழு மாசம் முன்னாடியே சட்டம் வந்துருது."

"அப்ப..." என்றாள் பொன்னுத்தாய்.

"அப்ப உன்னை எவனும் பிரிச்சுப் பாக்க முடியாது. போயி பினாங்குக்காரருக்குப் பதில் சொல்லு. உங்கக்கா அவர்கிட்ட என்னத்துக்கெல்லாம் முடியாதுன்னு சொல்லி வச்சிருக்கோ."

பொன்னுத்தாய் தர்ஷினியின் தோளில் நெற்றியை ஒரு நொடி வைத்து எடுத்தாள். அவ்வளவுதான். பிறகு அவரவர் மேஜைக்குப் போனார்கள். ஆடிப் பதினெட்டுக்கு ஆறு நாள்தான் இருந்தது.

"வேணும்னே எழுதினாரா, தெரியாம எழுதினாரா?" என்று ஆதிரன் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டான்.

"இந்த ரூம்ல ரெண்டு மணி நேரம் உக்காந்தா யாருக்கும் அந்தத் தப்பு வரும்" என்றார் அண்ணாச்சி.

தர்ஷினி முன்னால் திரை வெறுமையாக இருந்தது. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஒரு கேள்வியைத் தட்டினாள். 'நாற்பத்தாறு வயதில் நீச்சல் கற்றுக்கொள்ள முடியுமா?'

வலை உடனே பதறியது. 'இதய அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீரில் இறங்க வேண்டாம். தாடியை நன்றாகத் துவட்டவும்.' அவளுக்குச் சிரிப்பு வந்தது. பொருட்படுத்தாமல் மேலே தேடினாள். சாத்தூர் ரோட்டில் ஒரு நீச்சல்குளம் இருந்தது. சனிக்கிழமைகளில் பெண்களுக்கு வகுப்பு. சேர்வதற்கான படிவத்தில் பெயர், வயது, உயரம் எல்லாம் எழுதினாள். கடைசிக் கட்டத்தில் தேதியைத் தட்டிவிட்டு, அனுப்பப் போனாள்.

தோளுக்குப் பின்னால் பொன்னுத்தாயின் குரல் கேட்டது.

"யக்கா, வருஷம்."

தர்ஷினி பார்த்தாள். 28-7-2072 என்று இருந்தது. அறையில் முதலில் ஆதிரன் சிரித்தான், பிறகு அண்ணாச்சி, பிறகு அவளே. இரண்டை அழித்தாள். ஒன்று போட்டாள். அனுப்பினாள்.

வாரியத்து இயந்திரத்தில் அந்த அழிப்பும் போய் விழுந்திருக்கும். மற்ற நாற்பத்தோராயிரத்தோடு சேர்ந்து, வித்தியாசமே தெரியாமல்.